யெல்லோஸ்டோன் பைசன்: சண்டை நோயைப் பற்றியது மட்டும்தானா?

பனி அதிகம் விழும் ஆண்டுகளில் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் வாழும் பைசன்கள் (காட்டெருது இனம்) புல் தேடி, வடக்கு எல்லையில் உள்ள கார்டினர் ஊர்ப் பக்கம் கீழே இறங்கும். பூங்கா எல்லையைத் தாண்டினால் மொன்டானா மாநிலம். தகராறு அங்கேதான் தொடங்குகிறது.

அவற்றை உள்ளே விடாததற்கு மாநிலம் சொல்லும் காரணம் புருசெல்லோசிஸ், அதாவது கன்றுவீச்சு நோய்; அது வளர்ப்பு மாடுகளுக்குத் தொற்றிவிடும் என்ற அச்சம். 1917இல் பூங்கா மந்தையில் கண்டறியப்பட்ட இந்த நோயைக் கொண்டுவந்ததே வளர்ப்பு மாடுகள்தான். இன்று வயதுவந்த பெண் பைசன்களில் பாதிக்கு மேல் இரத்தப் பரிசோதனையில் 'பாசிட்டிவ்'. ஆனால் அந்தப் பரிசோதனை காட்டுவது கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளை, உயிருள்ள கிருமியை அல்ல. எப்போதோ தொற்றி மீண்ட விலங்கும் பாசிட்டிவாகவே காட்டும். இதைப் பிரித்துப் பார்க்காமல் "பாதி மந்தைக்கு நோய்" என்று எழுதுவது பெரிய தவறு.

கிருமி முக்கியமாக வெளியேறுவது கலைந்த கரு, நஞ்சுக்கொடி, ஈற்று நீர் வழியாக. மாடு அவற்றை நக்கினாலோ முகர்ந்தாலோ தொற்றலாம். காளைகளால் ஆபத்து மிகக் குறைவு. ஈற்றுக்காலம் பெரும்பாலும் ஏப்ரல், மே. அதன்பின் மிச்சத்தைக் கொயோட்டிகளும் (ஓநாய் போன்ற சிறு விலங்கு) பறவைகளும் தின்றுவிடும். வெயிலில் கிருமியும் சாகும். ஆகவே மாடுகளைச் சில வாரம் தாமதித்து மேய்ச்சலுக்கு விட்டாலே பெரும்பகுதி ஆபத்து தீர்ந்தது. காட்டுப் பைசனிடமிருந்து மாட்டுக்குத் தொற்றியதாக உறுதியான பதிவு ஒன்றுகூட இல்லை. அப்பகுதி மாடுகளுக்கு நோய் வந்தது எல்க் மான்களிடமிருந்து என்று 2017இல் தேசிய அறிவியல் கழகங்களின் அறிக்கையே சொன்னது. எல்க்குகளை யாரும் எல்லையில் மறிப்பதில்லை.

பூங்காவும் மாநிலமும் சேர்ந்து ஏற்ற 2000ஆம் ஆண்டுத் திட்டம் மந்தைக்கு 3,000 என்று இலக்கு வைத்தது. எல்லைக்கு வருபவற்றைப் பூங்காவின் ஸ்டீபன்ஸ் க்ரீக் பட்டியில் அடைத்து, இறைச்சிக்கூடத்துக்கு லாரியில் ஏற்றுவார்கள். 2007-08 குளிர்காலத்தில் மட்டும் இறைச்சிக்கூடத்திலும் வேட்டையிலுமாக 1,600க்கு மேல் போயின. மாற்றுவழி தனிமைப்படுத்தல்: நோயற்றவற்றைப் பிரித்து, திரும்பத் திரும்பச் சோதித்து, பெண் விலங்கு ஈன்ற பின்னும் சோதித்து, மொன்டானாவிலுள்ள ஃபோர்ட் பெக் பழங்குடி நிலத்துக்கு அனுப்புவது. அருமையான வழி, ஆனால் பட்டியில் இடம் போதாது. வேட்டையிலும் சிக்கல் உண்டு. கார்டினர் அருகே பீட்டி கல்ச் என்னும் சிறு நிலத்தில் எல்லை தாண்டியதுமே சுட்டுவிடுவதால், அப்பால் பரவி வாழும் வாய்ப்பே மந்தைக்குக் கிடைப்பதில்லை.

2024இல் பூங்கா இலக்கை 3,500 முதல் 6,000 வரை உயர்த்தியது. மொன்டானா வழக்குப் போட்டது. பூங்காவுக்கு மேற்கே, மொன்டானாவின் ஹார்ஸ் பியூட் பகுதியில் மாடுகள் மேய்வதில்லை. 2015இல் ஆளுநர் எடுத்த முடிவால் அங்கே பைசன்கள் ஆண்டு முழுவதும் நிற்கலாம். கார்டினர் பக்கம் மாடில்லாத நிலத்திலும் இதையே செய்ய வேண்டும்.