பைமாலைக் கம்பைல் செய்து டெங்கிப் புரதத்தைப் பார்த்தேன்

புரதங்களின் வடிவத்தைத் திரையில் சுழற்றிப் பார்க்க உதவும் பைமால், வாரன் டிலானோ எழுதி 2000இல் வெளியிட்ட மென்பொருள். அதன் திறமூலப் பதிப்பு உபுண்டு லினக்ஸிலேயே ஆயத்தமாகக் கிடைக்கிறது. இருந்தும் மூலநிரலை இறக்கி நானே கம்பைல் செய்ததற்கு, அதாவது ஓடக்கூடிய மென்பொருளாகக் கட்டியதற்குக் காரணம் தமிழ். சனிக்கிழமைகளில் அறிவியல் பேசக் கூடும் எங்கள் சிறு குழுவுக்குப் படங்கள் தேவை. அவற்றில் லேபிள்கள் தமிழில் இருக்க வேண்டும். பைமாலின் எழுத்துருக்கள் நிரலுக்குள்ளேயே பொதிந்தவை. அவற்றில் தமிழ் கிடையாது. அங்கே கை வைக்க வேண்டுமென்றால் முதலில் அதை வீட்டில் கட்டத் தெரிய வேண்டும்.

எடுத்துக்கொண்ட புரதம், டெங்கிக் கிருமி பெருகத் தேவையான என்எஸ்3. சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் தேசிய சுற்றுப்புற வாரியத்தின் டெங்கி எச்சரிக்கைப் பதாகையைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான புரதம் ஏது? என்எஸ்3 முழுநீளப் புரதத்தின் படிக வடிவத்தை 2008இல் வெளியிட்டவர்களும் நம் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள்தாம். புரதத் தரவு வங்கியில் அதன் எண் 2விபிசி.

கம்பைல் கட்டத்தில் வந்த தடை சிறியது. எம்எஸ்ஜிபேக் லைப்ரரியின் தலைப்புக் கோப்பு இல்லை என்று நின்றுவிட்டது. புரத வடிவங்களைச் சுருக்கி வைக்கும் எம்எம்டிஎஃப் கோப்புகளைப் படிக்கத்தான் அது முக்கியமாகத் தேவை. அந்தக் கோப்பு வடிவத்தைத் தருவதையே புரதத் தரவு வங்கியின் அமெரிக்கப் பிரிவு 2024 ஜூலையில் நிறுத்திவிட்டது. ஆகவே அது இல்லாமலே கட்டும்படி அமைப்பை மாற்றினேன். வழக்கமான எம்எம்சிஐஎஃப் உரைக்கோப்பு எனக்குப் போதும். கம்பைல் முடிந்தது.

உண்மையான சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. சாளரம் ஒரு கணம் எழும், உடனே விழும். முனையத்தில் பிழைச்செய்தி பத்தி பத்தியாக ஓடும். கடைசி வரியைப் பார்த்தால், திரையில் முப்பரிமாணப் படம் வரைய உதவும் ஓப்பன்ஜிஎல் சூழலை உருவாக்க முடியவில்லை என்று மட்டும் இருக்கும். அதை நம்பி கிராஃபிக்ஸ் டிரைவரை மாற்றப் புறப்படுபவர்கள் பலர். புவோனா விஸ்தாவில் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர், எங்கள் குழுவில் மூத்தவர், தொலைபேசியில் சொன்னார்: "தம்பி, சாளரமே இல்லாமல் ஓட்டிப் பாருங்கள். படம் வருகிறதா என்று சொல்லுங்கள்."

இந்த ஒரு சோதனைக்காகவே இந்தப் பதிவை எழுதலாம். பைமாலைச் சாளரமின்றி ஓட்ட ஒரு வழி உண்டு. அதில் 'ரே' என்ற கட்டளை கொடுத்தால் கிராஃபிக்ஸ் அட்டையைத் தொடாமல், மையச் செயலியை மட்டும் கொண்டு ஒளிக்கதிர்களைக் கணக்கிட்டுப் படம் வரைந்துவிடும். வரைந்தது! என்எஸ்3 நீள்வடிவில், கீழே புரதங்களை வெட்டும் புரோட்டியேஸ் பகுதி, மேலே ஆர்என்ஏ இழைகளைப் பிரிக்கும் ஹெலிகேஸ் பகுதி என்று அப்பழுக்கில்லாமல் வந்து நின்றது. அப்படியானால் நான் கட்டியதில் பழுதில்லை. நிரலுக்கும் திரைக்கும் இடையில் ஏதோ அறுந்திருக்கிறது. தேட வேண்டிய இடம் சட்டென்று சுருங்கிவிட்டது.

பிறகு உபுண்டுவில் கிராஃபிக்ஸ் டிரைவர்களைத் தரும் மெசாவின் விரிவான செயல்பதிவை (லாக்) இயக்கி, இம்முறை முதல் வரியிலிருந்து படித்தேன். காரணம் அங்கே வெளிப்படையாக இருந்தது: ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ் 3.4.30 கிடைக்கவில்லை. இது சி++ அடிப்படை லைப்ரரியின் பதிப்புக் குறி. ஜிசிசி கம்பைலரின் 12ஆம் பதிப்புடன் வந்தது. உபுண்டு 22.04இன் மெசா டிரைவர் அதைக் கேட்கிறது. ஆனால் பைமாலுக்குத் தேவையான பைத்தானை நான் ஓட்டுவது, மென்பொருள்களைத் தனியாக நிறுவித் தரும் கோண்டாவின் சூழலுக்குள். கோண்டா தன்னுடைய பழைய சி++ லைப்ரரியை முந்திக்கொண்டு நினைவகத்தில் ஏற்றிவிடுகிறது. ஒரே நிரலோட்டத்துக்குள் அந்த லைப்ரரி ஒன்றுதான் இருக்கும். பின்னால் வரும் டிரைவரும் அதையே பயன்படுத்தியாக வேண்டும். கேட்ட குறி அதில் இல்லை, டிரைவர் ஏறவில்லை, சாளரம் விழுந்தது. கம்பைல் செய்யும்போது இணைந்த லைப்ரரியும் ஓடும்போது ஏறும் லைப்ரரியும் வேறுவேறாக இருக்கலாம் என்பதைக் கம்பைலர் ஒருபோதும் எச்சரிக்காது.

சந்தேகத்தை உறுதிசெய்ய, உபுண்டுவின் சி++ லைப்ரரியை முதலில் ஏற்றும்படி வற்புறுத்தி ஓட்டினேன். சாளரம் நிலைத்தது. அந்த வற்புறுத்தலை நிரந்தரமாக வைத்துக்கொள்வது நல்லதல்ல, சூழலில் உள்ள மற்ற நிரல்களையும் அது தொடும். கோண்டா ஃபோர்ஜ் களஞ்சியத்திலிருந்து புதிய சி++ லைப்ரரியை நிறுவியதே சரியான தீர்வு. எந்தச் சில்லு வரைகிறது என்று பிறகு பார்த்தேன்; எல்எல்விஎம்பைப் என்று வந்தால் மென்பொருள்தான் வரைகிறது என்று பொருள். இன்டெல் என்று வந்தது. புரதம் விரல் போன போக்கில் சுழல்கிறது. புரோட்டியேஸில் வெட்டும் வேலையைச் செய்யும் ஹிஸ்டிடின் 51, அஸ்பார்டேட் 75, செரின் 135 ஆகிய மூன்று அமினோ அமிலங்களையும் நிறமிட்டு அருகே போய்ப் பார்த்தபோது நெடுநேரம் நகரவே மனம் வரவில்லை.

தமிழ் லேபிள் இன்னும் பாக்கி. தமிழ் எழுத்துருவைப் பொதித்தால் மட்டும் போதாது என்று இப்போது தெரிகிறது. பைமால் ஃப்ரீடைப் என்ற எழுத்துரு லைப்ரரியைக் கொண்டு எழுத்துகளை ஒவ்வொன்றாக வரைகிறது. 'கெ' என்று எழுதினால் கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். எழுத்துகளைச் சரியாக வரிசைப்படுத்தித் தரும் ஹார்ஃபஸ் லைப்ரரியை இணைக்க வேண்டும். அடுத்து அந்த வேலை. அதுவரை படத்தைச் சேமித்து, இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் தமிழ்ப் பெயர்களைச் சேர்த்துக் குழுவுக்கு அனுப்புகிறேன்.