எடை மேடை மென்பொருளுக்குள் ஒரு வெப் சர்வர்

ஒரு அரிசி ஆலையின் எடை மேடைக்கு நான் எழுதிக் கொடுத்த விண்டோஸ் மென்பொருள் ஆறு வருடமாக ஓடுகிறது. சி++ மொழியில், விண்டோஸ் திரைகளை அமைக்கும் எம்எஃப்சி நூலகத்தை வைத்து எழுதியது. மேடையின் எடையை எண்ணாகக் காட்டும் இண்டிகேட்டர் கருவியிலிருந்து சீரியல் போர்ட் வழியாக எடையை வாங்கித் திரையில் காட்டும், ரசீது அடிக்கும். போன மாதம் முதலாளி கேட்டார்: "லாரி மேடையில ஏறினதும் எடையை என் போன்ல பார்க்க முடியுமா தம்பி?"

எடையை வெப் பக்கமாகப் போனுக்கு அனுப்ப, அப்பாச்சி என்ற வெப் சர்வரைத் தனியாக நிறுவியிருக்கலாம். ஆனால் எடை போடும் அண்ணன் காலையில் ஒரு ஐகானைச் சொடுக்குவார், மாலையில் மூடுவார், அவ்வளவுதான். அவர் தலையில் இன்னொரு சர்வரைக் கட்ட மனம் வரவில்லை. சர்வர் என் நிரலுக்குள்ளேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

எடுத்தது சிவெட்வெப், நம் நிரலுக்குள்ளேயே சேர்த்துக்கொள்ளக்கூடிய சிறு வெப் சர்வர். மங்கூஸ் என்ற இதே வகை சர்வர் 2013இல், மூல நிரலைத் தராமலும் விற்க விடும் எம்ஐடி உரிமத்தை விட்டு, மூல நிரலையும் தரச் சொல்லும் ஜிபிஎல், இல்லையென்றால் கட்டண உரிமம் என்று மாறியபோது, பழைய எம்ஐடி பதிப்பிலிருந்து பிரிந்து வளர்ந்தது இது. மூல நிரலைத் தராமல் விற்கும் எனக்கு எம்ஐடி உரிமம் முக்கியம். ஒரு சி கோப்பு, ஒரு ஹெடர், துணைக்குச் சில சிறு கோப்புகள். அந்த சி கோப்புக்கு மட்டும் பிரிகம்பைல்டு ஹெடர் (ஹெடர்களை முன்கூட்டியே கம்பைல் செய்து வைக்கும் வசதி) அமைப்பை அணைத்ததும் கம்பைல் ஆகிவிட்டது. பத்து வரியில் 8080 போர்ட்டில் பதில் வந்தது.

முதல் அதிர்ச்சி போனில் திறந்தபோது. டாக்குமென்ட் ரூட்டாக, அதாவது சர்வர் கோப்புகளை எடுத்துத் தரும் இடமாக, மென்பொருளின் சொந்த ஃபோல்டரையே கொடுத்திருந்தேன். பக்கத்துக்கு, சர்வர் முதலில் தேடும் இண்டெக்ஸ் என்ற பெயரை வைக்காததால், ஃபோல்டரில் இருந்ததெல்லாம் பட்டியலாக வந்து நின்றது. நடுவில் ரசீது டேட்டாபேஸ். தொட்டேன், இறங்கியது! சிவெட்வெப்பில் ஃபோல்டர் பட்டியல் காட்டுவது நாம் அணைக்கும்வரை இயங்கும். அதை அணைத்து, வெப் பக்கத்துக்கெனத் தனி ஃபோல்டர் போட்டேன். ஆலையின் வைஃபைக்கு வெளியே இருந்து வரும் முகவரிகளையும் அனுமதிப் பட்டியலில் தடுத்தேன்.

அடுத்தது அதைவிடக் கஷ்டப்படுத்தியது. நிறுவிய அன்று மாலையே அண்ணன் கூப்பிட்டார்: "மூட மாட்டேங்குதுப்பா, அப்படியே நிக்குது." என் மேசையில் எத்தனை முறை மூடினாலும் சரியாக மூடியது. போனில் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மூடிப் பார்த்தபோதுதான் உறைந்தது.

பிழை தேடும் கருவியான டீபக்கரில் பார்த்தால் இரண்டு த்ரெட் (ஒரே நிரலுக்குள் தனித்தனியாக ஓடும் வேலைகள்) ஒன்றுக்காக ஒன்று காத்திருந்தன. போனிலிருந்து வரும் கோரிக்கைக்குப் பதில் தர நான் எழுதிய ஹேண்ட்லர், சிவெட்வெப்பின் சொந்த த்ரெட்டில் ஓடுகிறது. அதிலிருந்து, திரையில் எடை காட்டும் பெட்டியின் எழுத்தை கெட்விண்டோடெக்ஸ்ட் என்ற விண்டோஸ் கட்டளை போட்டுப் படித்திருந்தேன். அது உள்ளுக்குள் திரையின் த்ரெட்டுக்கு ஒரு மெசேஜ் அனுப்பிப் பதிலுக்காக நிற்கும். திரையின் த்ரெட்டோ மூடும்போது, சிவெட்வெப்பை நிறுத்தும் எம்ஜி ஸ்டாப் என்ற கட்டளையில் நிற்கிறது. சர்வரின் எல்லா த்ரெட்டும் முடிந்தால்தான் அது திரும்பும். யார் யாரை விடுவிப்பது?

ஹேண்ட்லர் இனித் திரையைத் தொடவே கூடாது என்று வைத்தேன். சீரியல் போர்ட்டைப் படிக்கும் த்ரெட் எடையை ஒரு அடாமிக் மாறியில் (பல த்ரெட்டுகள் ஒரே நேரத்தில் தொட்டாலும் மதிப்பு குழம்பாத மாறி) கிலோவாகப் போடுகிறது. ஹேண்ட்லர் அதை எடுத்து அனுப்புகிறது, வேறெதுவும் செய்வதில்லை. போன் பக்கம் நொடிக்கு ஒருமுறை கேட்கிறது. அந்தப் பக்கம் திறந்திருக்கும்போதே மென்பொருளை இருபது முறை மூடித் திறந்து பார்த்தேன். ஒருமுறையும் உறையவில்லை. அப்புறம்தான் ஆலைக்குக் கொண்டுபோய்ப் போட்டேன்.