மிளகாய்ச் செடி குடிக்கும் நீரின் கணக்கு

வெள்ளவத்தை வீட்டுப் பல்கனியில் நிற்கும் மிளகாய்ச் சாடியின் மண்பரப்பைப் பொலித்தீனால் இறுக மூடிக் கட்டிவிட்டு, இந்த வாரம் முழுவதும் காலையும் மாலையும் அதைச் சமையலறைத் தராசில் நிறுத்து வருகிறேன். மண்ணிலிருந்து நேரே ஆவியாகும் வழி அடைபட்டிருப்பதால், குறையும் நிறை ஏறக்குறைய முழுவதும் இலைகளின் வழியே ஆவியுயிர்ப்பில் வெளியேறிய நீர்தான். நேற்றைய வெயிலில் அது 240 கிராம். (தராசில் மண் ஒட்டுகிறதே என்பதுதான் அம்மாவின் கவலை.)

1910களில் அமெரிக்காவின் கொலராடோவில் பிரிக்ஸ், சான்ட்ஸ் என்னும் இருவரும் இப்படி மூடிய சாடிகளை நிறுத்தே, ஒரு கிராம் உலர்நிறையை உருவாக்க எந்தப் பயிர் எத்தனை கிராம் நீரைச் செலவிடுகிறது என்று கணக்கிட்டார்கள். சோளத்துக்குக் கோதுமையை விடக் குறைவான நீரே போதும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

ஆனால் நீரைச் சிக்கனமாகச் செலவிடும் கோதுமையைத் தெரிந்தெடுக்க ஆயிரக்கணக்கான வகைகளை யார் நிறுப்பது? 1984இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்களான ஃபார்குவாரும் ரிச்சர்ட்ஸும் காட்டிய வழி எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது: இலைவாய்கள் (இலையின் நுண்துளைகள்) ஒடுங்கி உள்ளே காபனீரொட்சைட்டு குறையும்போது, தாவரம் வழமையாகத் தவிர்க்கும், காபனின் சற்றுப் பாரமான வடிவமான காபன்-13ஐயும் கூடுதலாகச் சேர்த்துக்கொள்வதால், உலர்ந்த இலைத்தூளே அது நீரை எவ்வளவு சிக்கனமாகச் செலவிட்டது என்பதைச் சொல்லிவிடும். அவ்வாறு தெரிந்தெடுத்த டிரைஸ்டேல் கோதுமை 2002இல் அவுஸ்திரேலியாவில் வெளியானது.

என் 240 கிராமை யாரும் கிளிநொச்சித் தோட்டத்துக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம். கொழும்பின் ஈரக்காற்று வேறு, அங்கு வீசும் வறண்ட சோளகம் வேறு.