சி சொல்வது எது, பாசிக்ஸ் சொல்வது எது: நான் படித்த விதம்

சிஸ்டம் ப்ரோகிராமிங் லேப் தேர்வுக்கு ஒரு வாரம் இருந்தது. கல்லூரி லேப்பில் ஒழுங்காக ஓடிய ப்ரோகிராம் என் லேப்டாப்பில் செக்மென்டேஷன் ஃபால்ட் காட்டி நின்றது. ஒரு வரிகூட மாற்றவில்லை. இரண்டு இரவு பாயின்டர்களை பிரின்ட் செய்து பார்த்த பிறகுதான் பிடிபட்டது: முகவரியில் மேல் 32 பிட் காணோம்.

காரணம் ஸ்ட்ர்டப் (strdup), ஒரு ஸ்ட்ரிங்கை நகலெடுத்து அதன் முகவரியைத் தரும் ஃபங்ஷன். அது பாசிக்ஸில் (POSIX, யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான தரநிலை) உண்டு, சி99-இல் (சி மொழித் தரநிலையின் 1999 பதிப்பு) கிடையாது. சி99-ஐக் கறாராகப் பின்பற்றச் சொல்லி நான் கம்பைல் செய்ததால் ஹெடர் அதன் டிக்ளரேஷனை (அது எதை வாங்கி எதைத் தரும் என்ற அறிவிப்பை) மறைத்துவிட்டது. டிக்ளரேஷன் இல்லாததால், அது இன்ட் (32 பிட் முழு எண்) தரும் என்று ஜிசிசி கம்பைலர் எடுத்துக்கொண்டு 64 பிட் முகவரியை வெட்டிவிட்டது. லேப்பில் இருந்தது பழைய லினக்ஸ். அங்கே ஹீப் (ப்ரோகிராம் ஓடும்போது கேட்டு வாங்கும் நினைவகம்) முகவரிகள் சின்னவை, வெட்டியும் ஒன்றும் குறையவில்லை. வார்னிங் வந்தது, நான் படிக்கவில்லை. தயவுசெய்து நீங்கள் படியுங்கள். (2024-இல் வந்த ஜிசிசி 14 இதை எரர் ஆக்கிவிட்டது.) எல்லா ஹெடருக்கும் மேலே பாசிக்ஸ் ஃபங்ஷன்களையும் காட்டச் சொல்லும் பாசிக்ஸ் சி சோர்ஸ் (_POSIX_C_SOURCE) மேக்ரோவை 200809 என்று வைத்ததும் சரியானது.

அன்றிலிருந்து நோட்டில் பக்கத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டேன், இடப்பக்கம் சி, வலப்பக்கம் பாசிக்ஸ். நினைவகம் கேட்கும் மாலாக் (malloc) தோற்றால், எரர் எண்ணை வைக்கும் எர்நோவில் (errno) காரணம் இருக்கும் என்பது பாசிக்ஸ் தரும் உறுதி, சி தருவதல்ல. ஒரு பைட்டுக்குக் குறைந்தது 8 பிட் என்கிறது சி. 2001 முதல் பாசிக்ஸ் சரியாக 8 என்கிறது. பாசிக்ஸ் பக்கங்களில் சிஎக்ஸ் என்ற குறி வந்தால், அந்த இடம் சி தரநிலையைத் தாண்டியது என்று பொருள். நான் முதலில் தேடுவதே அந்தக் குறியைத்தான்.

வைவாவில் கேட்டது டிஎல்சிம் (dlsym), லைப்ரரியில் ஒரு பெயரின் முகவரியைத் தேடித் தரும் பாசிக்ஸ் ஃபங்ஷன். அது தருவது வாய்ட் பாயின்டர், அதாவது எந்த வகை டேட்டாவையும் காட்டும் முகவரி. நமக்கு வேண்டியதோ ஃபங்ஷன் பாயின்டர். கோடும் டேட்டாவும் தனித்தனி நினைவகத்தில் இருக்கும் மெஷின்களும் உண்டு என்பதால், இந்த மாற்றத்துக்கு சி உத்தரவாதம் தரவில்லை. தரநிலையைக் கறாராகப் பார்க்கும் பெடான்டிக் ஆப்ஷன் போட்டால் ஜிசிசி முணுமுணுக்கும். பாசிக்ஸ் சிஸ்டத்தில் அது வேலை செய்தே ஆக வேண்டும். "சரியா, தவறா?" என்று கேட்டார்கள். இரண்டு தரநிலையையும் தனித்தனியாகச் சொன்னேன், மேற்கொண்டு கேட்கவில்லை.

முரண்பட்டால் எது பெரியது? சி-யிலிருந்து வந்த ஃபங்ஷன்களுக்கு பாசிக்ஸே சி-க்கு விட்டுக்கொடுக்கிறது. ஆனால் எந்த ஆண்டின் சி என்று பாருங்கள். 2024 பாசிக்ஸ் சி17-ஐ ஒட்டியது. வாங்கிய நினைவகத்தின் அளவை மாற்றும் ரீஅலாக்குக்கு (realloc) 0 அளவு கொடுப்பதை சி17 இம்ப்ளிமென்டேஷனின் (கம்பைலர், லைப்ரரியின்) முடிவுக்கு விட்டது. சி23 அதை அன்டிஃபைன்ட் (என்ன நடக்கும் என்று எந்த உறுதியும் இல்லை) ஆக்கிவிட்டது. அதனால் விடையில் ஆண்டையும் எழுதுங்கள். கோடில், விடுவிக்க வேண்டிய இடத்தில் ஃப்ரீ மட்டும் போடுங்கள்.