கொரோனா நிவாரணமும் எங்கள் ஆட்டுக் கணக்கும்

டெக்சாஸில் ஒரு கிராமப்புறக் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) கொஞ்சம் நிலம் வாங்கி ஆடு வளர்க்கிறோம், நானும் வீட்டுக்காரரும். வார இறுதியில் ஹூஸ்டனிலிருந்து நம்மூர்க்காரர்கள், பாகிஸ்தானியர்கள், மெக்சிகோக்காரர்கள் என்று வந்து கிடா பிடித்துப் போவார்கள். மிச்சம் ஏலச் சந்தைக்கு. 2020 மார்ச்சுக்குப் பிறகு விருந்தும் இல்லை, விசேஷமும் இல்லை. வாங்க வருகிற ஆளும் இல்லை.

அந்த மே மாதம் அமெரிக்க வேளாண் துறை, விவசாயிகளுக்கான கொரோனா உதவித்தொகைக்கு விண்ணப்பம் வாங்க ஆரம்பித்தது. முதல் சுற்றில் மாடு, பன்றி, பால், மக்காச்சோளம் எல்லாம் இருந்தன, ஆடு இல்லை. செப்டம்பர் 21-ல் தொடங்கிய இரண்டாம் சுற்றில்தான் ஆட்டுக்கு இடம் கிடைத்தது. கடைசி நாள் டிசம்பர் 11.

விண்ணப்பத்தை வாங்கியது கவுண்டியில் இருக்கும் எஃப்.எஸ்.ஏ. (Farm Service Agency) அலுவலகம், அதாவது வேளாண் துறையின் உள்ளூர்க் கிளை. கொரோனாவால் உள்ளே விடவில்லை; எல்லாம் போனிலும் மின்னஞ்சலிலும்தான். பேசிய அம்மா கேட்ட முதல் கேள்வி, "உங்கள் ஃபார்ம் நம்பர் என்ன?" அந்த அலுவலகம் தன் ஏட்டில் பதிந்த நிலத்துக்குக் கொடுக்கும் எண் அது. அப்படி ஒன்று உண்டு என்பதே எங்களுக்குத் தெரியாது. நிலவரி ஒழுங்காகக் கட்டுகிறோம், ஆனால் அவர்கள் ஏட்டில் நாங்கள் விவசாயியே இல்லை. தாத்தா காலத்திலிருந்து அந்த ஏட்டில் இருக்கும் குடும்பங்களுக்கு இது ஒரு போனில் முடிகிற வேலை. புதிதாக வந்த எங்களைப் போன்றவர்கள் இங்கேதான் சிக்கிக்கொள்கிறோம். நிலப் பத்திரம், வங்கி விவரம், கிரீன் கார்டு நகல் எல்லாம் அனுப்பினோம். ஈரநிலத்தை வடித்துப் பயிர் வைக்கவில்லை என்று உறுதிமொழி கொடுத்தோம். வருமானப் படிவம் ஒன்று: மூன்று வருஷச் சராசரி 9 லட்சம் டாலரைத் தாண்டக்கூடாதாம். அதைப் படித்துவிட்டு இரண்டு பேரும் சிரித்தோம்.

உண்மையான வேலை அதற்குப் பிறகுதான். மாடு என்றால் தலைக்கு 55 டாலர், எண்ணினால் முடிந்தது. ஆட்டுக்கு அப்படி இல்லை. 2019-ல் விற்றதில் ஒரு பங்கு. 50,000 டாலருக்குக் கீழே என்றால் 10.6 சதவீதம். அதிலும் இனவிருத்திக்கு விற்றது சேராது. எங்கள் நோட்டோ தமிழில், அவசரத்தில் எழுதியது. "வெள்ளைப் பெட்டை, இரண்டு குட்டியோடு, 450" என்று ஒரு வரி. தாயை வளர்க்கத்தான் வாங்கிப் போனார் என்று நன்றாக நினைவிருக்கிறது, குட்டிகளை என்ன செய்தாரோ! அந்த வரியை மொத்தமாக அடித்துவிட்டேன். சந்தை ரசீதுகளையும், வாங்கியவர்கள் ஸெல் (Zelle) செயலி வழியாக வங்கிக்கு அனுப்பிய வரவுகளையும் வைத்து மற்றதை ஆங்கிலத்தில் எழுதி முடித்தேன். ரசீது எதையும் அப்போது கேட்கவில்லை. நாம் சொல்வதுதான் கணக்கு. ஆனால் பின்னால் சோதனைக்கு வந்தால் காட்ட வேண்டும், அதனால் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வைத்தேன்.

2019 விற்பனைக் கணக்கு 15,000 டாலர் சொச்சம் தேறியது, அதற்கு உதவித்தொகை 1,600 டாலர் போல வந்தது. வைக்கோல் வாங்கினோம், ஒரு பக்கத்து வேலியைச் சரிசெய்தோம். 2020-ல் எங்களுக்கு எவ்வளவு நட்டம் என்று யாருமே கேட்கவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். முந்தின வருஷம் யார் அதிகம் விற்றாரோ அவருக்கு அதிகம், ஓர் ஆளுக்கு இரண்டரை லட்சம் டாலர் வரைக்கும். நிவாரணம் என்று இதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மறு வருஷம் இதற்கு வரியும் உண்டு; அரசு கொடுத்த பணத்தை வரிக்குக் காட்டுகிற 1099-ஜி படிவம் தபாலில் வந்தது, விவசாய வருமானத்தோடு சேர்த்துக் காட்டினோம்.

எங்களுக்குத் தெரிந்த ஓர் ஆந்திரக் குடும்பம் வெண்டைக்காயும் சுரைக்காயும் போட்டு இந்தியக் கடைகளுக்குக் கொடுக்கிறது. குடியுரிமை இருந்தால்தான் கிடைக்கும் என்று நினைத்து டிசம்பர் கடைசி நாளை விட்டுவிட்டார்கள். நல்லவேளையாக 2021 ஏப்ரல் 5-ல் இரண்டாம் சுற்றை மறுபடி திறந்து அக்டோபர் 12 வரை வாங்கினார்கள். அவர்களுக்கும் முதலில் ஃபார்ம் நம்பர்தான் வாங்கினோம். கடைக்காரர்கள் பில் கொடுக்கிற வழக்கமில்லை. வங்கியில் போட்ட டெபாசிட் சீட்டுகளை மாதவாரியாக அடுக்கி, அதை வைத்து 2019 விற்பனையைத் தேற்றிக் கொடுத்தோம். பணம் வந்துவிட்டது என்று அந்த அக்கா போன் செய்தபோது, கூடவே ஒரு பை வெண்டைக்காயும் எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னார்.