புகாரில் எழுத வேண்டியதும் எழுத வேண்டாததும்

பள்ளிக்குக் கொண்டுபோன தண்ணீர் பாட்டில் தினமும் நிறைந்தபடியே வீடு திரும்புகிறதா? அந்தப் பள்ளிக் கழிப்பறையில் என்ன நடக்கிறது என்று விசாரியுங்கள். 'பொண்ணு மாதிரி நடக்கிறான்' என்று பேர் வாங்கிய பையன்கள், கிராப்பு வெட்டிக்கொண்ட பெண்பிள்ளைகள், தங்களைத் திருநங்கையாகவோ திருநம்பியாகவோ உணரத் தொடங்கியவர்கள் எல்லோரும் அங்கே நடக்கும் கேலியிலிருந்தும் சீண்டலிலிருந்தும் தப்ப முதலில் கைக்கொள்ளும் தற்காப்பு இதுதான். தண்ணீர் குடிப்பதை விட்டுவிடுவார்கள்; அல்லது இன்டர்வெல்லைத் தவிர்த்து, பாடவேளைக்கு நடுவில் அனுமதி கேட்டுப் போவார்கள். முதல் வழியில் சிறுநீர்த் தொற்று வரலாம். இரண்டாவதில் ஆசிரியரிடம் திட்டு.

அடுத்தது சிரித்து மழுப்புவது. 'ஒன்பது' என்று கூப்பிட்டால் தானும் சேர்ந்து சிரிப்பது. கொஞ்ச நாள் தாங்கும். பிறகு அந்தப் பெயரே வகுப்பின் உரிமையாகிவிடும், புகார் என்று போனால், "நீயும்தானே சிரிச்ச?" என்பார்கள். திருப்பி அடிப்பவர்களுக்கு வேறு சிக்கல்: ஆசிரியர் கண்ணில் படுவது எப்போதும் கடைசி அடிதான். பி.டி. வேளைக்கு மட்டம், பிறகு வாரம் ஒரு நாள் லீவு, பிறகு பத்தாம் வகுப்போடு நிறுத்திக்கொள்வது என்று நழுவிப்போகிறவர்களை யாரும் கவனிப்பதில்லை. வருகைப் பதிவேட்டில் அது வெறும் ஆப்சென்ட்.

தமிழ்நாட்டுப் பள்ளி அனுபவங்களைப் பற்றி, பால்புதுமையினருக்காக இயங்கும் சென்னையின் சகோதரன் அமைப்போடு சேர்ந்து யுனெஸ்கோ ஓர் ஆய்வு செய்து 2019இல் வெளியிட்டது. துன்புறுத்தலுக்கு ஆளானவர்களில் பள்ளியிடம் புகார் சொன்னவர்கள் 18 சதவீதம்தான். சொன்னவர்களிலும் பலருக்குக் கிடைத்த பதில், கண்டுகொள்ளாதே அல்லது உன்னை மாற்றிக்கொள். நடந்ததை விட்டுவிட்டு, பேச்சு பிள்ளையின் நடைக்கும் குரலுக்கும் தாவுவதுதான் புகார்கள் செத்துப்போகும் இடம்.

ஆகவே புகாரில் உங்கள் பாலினம், ஈர்ப்பு எதையும் எழுத வேண்டியதில்லை. நடந்ததை மட்டும் எழுதுங்கள். 'என்னை ரொம்பக் கேவலப்படுத்துகிறார்கள்' என்ற வரியால் பயனில்லை. 'செவ்வாய்க்கிழமை இரண்டாவது இன்டர்வெல்லில், தண்ணீர்த் தொட்டி அருகே, 9-பி பிரிவைச் சேர்ந்த இன்னார் என் கால்சட்டையைப் பிடித்து இழுத்தார். இந்த வார்த்தையைச் சொன்னார். இன்னார் பார்த்தார்' என்பது பயன்படும். கெட்ட வார்த்தையைப் புள்ளி வைத்து மறைக்காமல் அப்படியே எழுதுங்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் அன்றன்றைக்கே குறித்து வைத்தால், மூன்று நான்கு சம்பவங்கள் சேர்ந்ததும் 'சும்மா விளையாட்டுக்கு' என்ற சமாதானம் எடுபடாது.

தலைமையாசிரியருக்கு எழுதும் கடிதத்தை இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றில் தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தர மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். என்ன செய்ய வேண்டும் என்பதையும் நீங்களே கேளுங்கள்: இன்டர்வெல்லில் கழிப்பறைப் பக்கம் ஓர் ஆசிரியர் நிற்க வேண்டும், இடமோ பிரிவோ மாற்றுவதென்றால் அடித்தவரை மாற்ற வேண்டும், இருவரையும் ஒரே அறையில் நிறுத்திக் கைகுலுக்க வைக்கக் கூடாது. கைகுலுக்கிய அன்று சாயங்காலமே பள்ளி வாசலில் மிச்சக் கணக்கு தீர்க்கப்படும்.

தங்கள் பாலினமோ ஈர்ப்போ வீட்டுக்குத் தெரியாத பிள்ளைகளுக்குப் பள்ளியே பெரிய ஆபத்தாகலாம். அக்கறை என்ற பெயரில் அப்பாவை வரவழைத்து, "உங்க பையன் ஒரு மாதிரி இருக்கான்" என்று சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. அப்பாவிடம் பேச வேண்டியது அடித்தவனைப் பற்றி. அடிபட்டவன் யார் என்பதைப் பற்றி அல்ல. இதை ஆசிரியர்கள் எழுதி ஒட்டிக்கொண்டாலும் தகும்.

சட்டம் எல்லோருக்கும் ஒரே அளவில் துணை நிற்பதில்லை. திருநர் மாணவர்களுக்கு 2019ஆம் ஆண்டின் திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கல்வி நிறுவனங்களில் பாகுபாட்டை அதன் 3ஆம் பிரிவு தடுக்கிறது. அந்தச் சட்டத்தின் 2020 விதிகளின்படி, துன்புறுத்தல் நேர்ந்தால் திருநர் மாணவர்கள் அணுகுவதற்கு ஒரு குழுவும் இருக்க வேண்டும். உங்கள் பள்ளியில் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். தன்பாலீர்ப்பு கொண்ட மாணவர்களுக்கென்று இப்படித் தனிச் சட்டம் இல்லை. சென்னை உயர் நீதிமன்றம் 7.6.2021 அன்று, பாதுகாப்புக் கேட்டுத் தன்பாலீர்ப்புப் பெண் இணையர் தொடுத்த சுஷ்மா வழக்கில் பள்ளிகளுக்கும் விழிப்புணர்வு வேண்டும் என்று சொன்னது. அதே ஆண்டு, பள்ளிப் பாடத்திட்டங்களை வகுக்கும் மத்திய அரசின் என்சிஇஆர்டி, திருநர் குழந்தைகளைப் பற்றி ஆசிரியர்களுக்காக வெளியிட்ட கையேடோ, எதிர்ப்பு கிளம்பியதும் இணையதளத்திலிருந்து காணாமல் போனது!

தொட்டது, ஆடையைக் கழற்றியது என்றால், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டம் வரக்கூடும். பாதிக்கப்பட்ட பிள்ளை ஆணா பெண்ணா என்று அந்தச் சட்டம் பார்ப்பதில்லை. ஆசிரியரிடம் சொன்னபின் அவர் அதைத் தன்னோடு வைத்துக்கொள்ள முடியாது என்பதையும் தெரிந்து வைத்திருங்கள். அந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ மாணவரே அழைக்கலாம். தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறை உதவி எண் 14417. தூக்கம் போய், செத்துவிடலாமா என்ற நினைப்பு வந்தால் புகாரைப் பிறகு பார்க்கலாம், உடனே மனநல உதவி எண் 14416ஐ அழையுங்கள்.

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் நடந்தால், பிளாக் செய்வதற்கு முன்பே எண், தேதி, நேரம் மூன்றும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அதை ஸ்டேட்டஸில் போடாதீர்கள். போட்டால் எதிர்ப்புகார் உங்கள் மேல் வரும்.