விளைச்சல் கணிப்பும் இறக்குமதிக் கணக்கும்

தானிய வர்த்தக நிறுவனம் ஒன்றின் ஆய்வுப் பிரிவில் இருந்தபோது, நாடு நாடாகத் தானியக் கணக்குப் போடுவதுதான் என் வேலை. பருவத் தொடக்கக் கையிருப்பும் அந்த வருட விளைச்சலும் ஒரு பக்கம். மக்கள் சாப்பிடுவது, தீவனம், விதை, சேதாரம், பருவ முடிவில் கையில் இருக்க வேண்டியது எல்லாம் மறுபக்கம். எவ்வளவு துண்டு விழுகிறதோ, அதுதான் இறக்குமதித் தேவை.

அதனால்தான் விளைச்சல் கணிப்பு கொஞ்சம் அசைந்தாலும் இறக்குமதி பெரிதாக ஆடும். ஒரு கோடி டன் தேவைப்படும் நாட்டில் 70 லட்சம் டன் விளைகிறது என்று வைத்துக்கொள்வோம். விளைச்சல் 10 சதவீதம் குறைந்தால் இறக்குமதி 30 லட்சத்திலிருந்து 37 லட்சமாகிவிடும். அதாவது 23 சதவீத உயர்வு.

இதை அழுத்தமாகப் புரியவைத்தது மொராக்கோ. அங்கே தானியப் பயிரில் பெரும்பகுதி மானாவாரி. 2021 அறுவடையில் கோதுமையும் பார்லியும் சேர்ந்து ஒரு கோடி டன்னைத் தாண்டின. அடுத்த வருடம் வறட்சியில் அது சுமார் 34 லட்சம் டன்னாகச் சரிந்தது. குளிர்கால மழை தவறும்போதே அங்குள்ள வியாபாரிகள் கப்பல் விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். அறுவடை முடிந்து சரியான எண்ணிக்கை வரும்வரை யாரும் காத்திருக்க முடியாது. ஒப்பந்தம் போட்டு, சரக்கு ஏற்றி, துறைமுகத்தில் இறக்குவதற்குள் வாரங்கள் ஓடிவிடும். ஆக, கொள்முதலை நடத்துவது பெரும்பாலும் கணிப்புதான். அரசாங்கமும் சும்மா இருப்பதில்லை. விளைச்சல் நன்றாக இருந்தால் உள்ளூர் விவசாயியைக் காக்க இறக்குமதி வரியைக் கூட்டும், மோசமென்றால் நிறுத்திவைக்கும்.

ஆனால் விளைச்சல் குறைந்தால் இறக்குமதி கூடியே தீரும் என்று எழுதிவிட முடியாது. 2022-இல் இந்தியாவில் நடந்ததைப் பாருங்கள். பிப்ரவரியில் அரசின் கோதுமைக் கணிப்பு 11 கோடி டன்னுக்கு மேல். மணி முற்றும் மார்ச்சில் வெயில் கொளுத்தியது, கணிப்பைக் குறைத்தார்கள். முந்தைய வருடம் 4.3 கோடி டன் வாங்கிய அரசுக் கொள்முதல் 1.9 கோடிக்கும் கீழே போனது. இருந்தும் அரசு இறக்குமதிக்குப் போகவில்லை. மே 13 அன்று ஏற்றுமதியைத் தடை செய்தார்கள். சில மாநிலங்களுக்கு இலவச ரேஷனில் கோதுமைக்குப் பதில் அரிசி ஒதுக்கினார்கள், அரிசிக் கையிருப்பு தாராளமாக இருந்ததால். அப்புறம் எந்த நாட்டுக் கணக்கைத் திறந்தாலும் நான் முதலில் பார்ப்பது கையிருப்பைத்தான். விளைச்சலுக்கு எல்லோரும் தரும் முக்கியத்துவத்தில் பாதியையாவது கையிருப்புக்குத் தர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

தரமும் உண்டு. அறுவடை நேரத்தில் மழை பெய்து கதிரிலேயே முளைவிட்டால், டன் கணக்கு அவ்வளவாகக் குறையாது, ஆனால் அந்தக் கோதுமை ரொட்டிக்கு ஆகாது. தீவனத்துக்குப் போகும். மாவு மில்லுக்கு வெளியிலிருந்து வாங்க வேண்டிவரும்.

என்னை மிகவும் உறுத்தியது வேறொன்று. உலகிலேயே அதிகமாகக் கோதுமை வாங்கும் நாடுகளில் ஒன்றான எகிப்தில், 2022 கடைசியில் டாலர் தட்டுப்பாட்டால் தானியச் சரக்குகள் துறைமுகங்களில் தேங்கின. தேவை இருக்கிறது, சரக்கும் வந்துவிட்டது, கட்டப் பணமில்லை. இப்படிப்பட்ட வருடத்தில் இறக்குமதி எண் தானாகக் குறையும். கணக்கைச் சமன் செய்ய உணவுப் பயன்பாட்டு எண்ணை நாம் குறைப்போம். தாளில் துண்டே விழாது. வெறும் எண்ணைப் பார்ப்பவர் அந்த நாட்டுக்குத் தேவையே குறைந்துவிட்டது என்று நினைப்பார், உண்மையில் அங்கே மக்கள் குறைவாகச் சாப்பிட்டிருப்பார்கள். அதனால் பயன்பாட்டைக் குறைக்க நேரும்போதெல்லாம், அது வாங்க முடியாததால் வந்த குறைவா, வேறு தானியத்துக்கு மாறியதால் வந்ததா என்று பக்கத்திலேயே எழுதிவைப்பேன்.